நரம்பு நோய் அறிந்த தாதியர் வீடு தேடி வரும் சேவை: கோண்டாவிலில் இருந்து

கோண்டாவிலில் ஒரு சிறிய தாதியர் சேவை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, அலுவலகமும் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒரு தாதி உத்தியோகத்தர், அவரிடம் வேலை பழகிய இரண்டு இளம் தாதியர், இரண்டு ஸ்கூட்டர்கள், ஒரு தொலைபேசி. புண்ணுக்கு மருந்து கட்டவும் முதியவர்களைக் குளிப்பாட்டவும் வீட்டுக்கு வருகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது பலர் உண்டு. இவர்கள் அந்த வேலைக்கு வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தடம்மாறித் தன் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்கள் சில உள்ளன. ஜிபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குயிலன் பாரே, மாதக்கணக்கில் இழுத்துச் செல்லும் சிஐடிபி, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கைவைக்கும் மயஸ்தீனியா கிராவிஸ். இந்த நோயாளிகளை மட்டுமே பார்க்கிறார்கள்.

என் கணவருக்கு வந்தது முதலாவது. அவர் தச்சுத் தொழிலாளி. கதவும் யன்னலும் அலுமாரியும் செய்து பிழைக்கிறவர். கை போனால் எல்லாம் போயிற்று. நான் தபாலகத்தில் வேலை செய்கிறேன். பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் என்னுடையது. இந்தச் சேவையையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன். தன் பெயரைப் போட வேண்டாம், இருக்கிற நோயாளிகளுக்கே நேரம் போதவில்லை என்று அந்தத் தாதி கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கும் எங்கள் வீட்டில் அழைத்ததுபோல் 'மிஸ்' என்றே எழுதுகிறேன்.

நோய் வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வயிற்றோட்டம். அது நின்று ஒரு வாரம் கழித்துப் பாதங்களில் விறைப்பு. பிறகு விறாந்தைப் படியில் கால் ஏறவில்லை. அடுத்த நாள் கையில் உளி நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் விற்றமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்று மாலையே 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழைத்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே வைத்தியர் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. இந்த நோயில் அந்த அனிச்சைத் துடிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும் அல்லது மறைந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதற்கு முன்னர் வயிற்றோட்டமோ சளிக்காய்ச்சலோ வந்திருக்கும் என்றும், வயிற்றோட்டத்தில் கம்பைலோபக்டர் என்ற கிருமிதான் முதற் குற்றவாளி என்றும், சரியாக வேகாத கோழியிலும் அசுத்தமான தண்ணீரிலும் அது இருக்கும் என்றும் சொன்னார்கள். கிருமியை அடிக்க உடல் செய்த ஆயுதம், கிருமியின் மேலுறையைப் போலவே தோற்றமளிக்கும் நரம்பையும் அடித்துவிடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் இப்போது ஒருவரும் குடிப்பதில்லை.

தாதியரின் பெறுமதி எனக்கு விளங்கத் தொடங்கியது விடுதியில்தான். ஆகவே அதைச் சொல்லாமல் வீட்டுச் சேவைக்கு வர முடியாது. மாலையில் கடமைக்கு வந்த ஓர் இளம் தாதி என் கணவரின் விரலில் மாட்டியிருந்த ஒட்சிசன் மீற்றரைப் பார்த்தார். 97 என்று காட்டியது. எனக்கு நிம்மதி. அவருக்கு நிம்மதி இல்லை. "அண்ணை, ஆழமாக மூச்செடுத்து, விடாமல் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு போங்கள்" என்றார். காலையில் 30ஐத் தாண்டி எண்ணியவர் அப்போது 16இல் நின்றுவிட்டார். தலையணையில் இருந்து தலையைத் தூக்கச் சொன்னார், தலை எழவில்லை. உடனே வைத்தியரை அழைத்தார். இரவோடு இரவாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். இந்த நோயில் மூச்சுத் தசைகள் களைத்துத் தோற்கும் தறுவாயில்தான் ஒட்சிசன் அளவு விழும். அதுவரை மீற்றர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கழுத்துத் தளர்வதும் எண்ணிக்கை குறைவதும் அதற்கு முன்னரே வந்துவிடும். ஜிபிஎஸ் நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு இயந்திரச் சுவாசம் தேவைப்படுகிறது. அது எந்த மணிக்கு என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கட்டிலருகே நிற்கும் தாதிதான்.

அந்தப் பிரிவில் இன்னொன்றும் பார்த்தேன். குழாய் போட்டிருப்பதால் பேச்சில்லை. கை அசையாததால் எழுதவும் முடியாது. ஆனால் அறிவு முழுவதும் தெளிவாக இருக்கிறது. காதும் நன்றாகக் கேட்கிறது. அங்கே ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைத்திருந்தார்கள்: வலி, சளி எடு, புரட்டு, குளிர், வெளிச்சம் கூட, கண் எரிகிறது, வீட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சிங்களத்திலும் எழுதியிருந்தது, ஏனென்றால் இரவுக் கடமையில் இருந்த தாதி ஒருவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார், என் கணவர் வேண்டிய இடத்தில் கண்ணை மூடித் திறப்பார். 'கண் எரிகிறது' என்ற வரியை அந்த மட்டையில் யார் சேர்த்தார்களோ அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். முகத் தசையும் தளர்ந்ததால் இவருக்கு இமை முழுவதும் மூடவில்லை. கண் காய்ந்து புண்ணாகிவிடும். அதன் பிறகு இரவில் களிம்பு இட்டு, இமையை மெல்லிய பிளாஸ்டரால் ஒட்டினார்கள். அந்த மட்டையை முதன்முதலில் செய்தவர் ஓய்வுபெற்றுப்போன ஒரு மிஸ் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கோண்டாவில் தொலைபேசி எண் அப்படித்தான் கிடைத்தது.

மருந்தைப் பற்றியும் ஒரு விடயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதனால் பெரிய பயம் வந்தது. இந்த நோய்க்கு ஐவிஐஜி எனப்படும் இமியூனோகுளோபுலின் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்தின் பிளாஸ்மாவில் இருந்து பிரித்தெடுப்பது. கிலோ எடைக்கு 0.4 கிராம் வீதம், ஐந்து நாட்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தம் 120 கிராம். 2023இல் இந்நாட்டு வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இமியூனோகுளோபுலின் வழங்கப்பட்ட ஊழல் வெளியானதையும், 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதுசெய்யப்பட்டதையும் நாங்கள் எல்லோரும் பத்திரிகையில் வாசித்திருந்தோம். அதே மருந்தின் பெயரை வைத்தியர் சொன்னபோது மாமி அழத் தொடங்கிவிட்டார். ஊசிமருந்தைத் தயாரித்த தாதி எங்களைக் கோபிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, கலங்கல் இல்லை என்று காட்டினார். தயாரித்த நிறுவனம், தொகுதி எண், காலாவதித் திகதி மூன்றையும் எங்கள் கண் முன்னால் படுக்கை அட்டையில் எழுதினார். குலுக்கினால் நுரைக்கும் என்று போத்தலை மெதுவாகச் சரித்துக் கையாண்டார். முதல் அரை மணிநேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, கால் மணிக்கு ஒருமுறை காய்ச்சலும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார். தலையிடி வரலாம், வந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றார். நாட்டில் அமைச்சரவை மட்டத்தில் தவறிப்போன ஒரு நம்பிக்கையை ஒரு தாதி அந்தக் கட்டிலருகே நின்று திருத்திக் கொடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

இனி வீட்டுச் சேவை.

வீட்டுக்கு வந்தபோது இவருக்கு மூச்சு சீராக இருந்தது, விழுங்க முடிந்தது, கட்டிலில் சாய்ந்து இருக்க முடிந்தது. எழும்ப முடியாது, கரண்டி பிடிக்க முடியாது. கையில் தந்த டயக்னோசிஸ் கார்டில் மருந்தும் அடுத்த கிளினிக் திகதியும் இருந்தன. இடையில் உள்ள நாட்களுக்கு யாரிடம் கேட்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. முதலில் நகரில் உள்ள ஒரு பராமரிப்பு முகவர் நிலையத்தில் இருந்து ஒருவரை எடுத்தோம். பலசாலியான தம்பி, நல்ல மனம், ஆனால் நோய் தெரியாது. எழுப்புவதற்கு இவரின் வலது கையைப் பிடித்து இழுத்தார். தசை தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு விலகி நொந்துவிடும். நொந்தேவிட்டது. அன்றைக்குத்தான் கோண்டாவிலுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மிஸ் வந்த முதல் நாள் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். படலையடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கதிரையை இழுத்து இவரின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவரிடம் கேட்டார். "அண்ணை, இரவில் என்ன செய்கிறது?" இவர் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இரவில் முதுகிலும் தொடையிலும் சுட்டுக்கிழிப்பது போன்ற வலி. எனக்குக்கூடச் சொல்லவில்லை. மரத்துப்போன காலில் வலி இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். மிஸ் ஆச்சரியப்படவில்லை. இந்த நோயில் வலி வராதவர்தான் குறைவு என்றார். எத்தனை மணிக்குக் கூடுகிறது, போர்வை பட்டால் கூடுகிறதா என்று கேட்டு எழுதினார். அடுத்த கிளினிக்கில் அந்தக் குறிப்பைப் பார்த்து வைத்தியர் நரம்பு வலிக் குளிசையின் நேரத்தை இரவுக்கு மாற்றினார். இவர் தூங்கினார். வீடும் தூங்கியது.

பிறகு படுத்திருக்கும்போதும், இருத்தியபோதும், கட்டிலோரத்தில் காலைத் தொங்கவிட்டபோதும் தனித்தனியாக இரத்த அழுத்தம் எடுத்தார். கையையும் காலையும் மட்டுமல்ல, இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் இயக்கும் நரம்புகளையும் இந்த நோய் தொடுகிறது. எழுப்பினால் அழுத்தம் சடுதியாக விழுந்து மயங்கலாம். இவருக்கு 130இல் இருந்து 98க்கு விழுந்தது. நேற்றுவரை எழுப்பும்போது கண் இருட்டுகிறது என்று இவர் சொன்னதற்கு, சாப்பாடு போதாது என்று நாங்கள் புட்டைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சநேரம் இருத்தி, கணுக்காலை அசைத்து, அதற்குப் பிறகே எழுப்ப வேண்டும் என்று காட்டினார். குதிகாலையும் முதுகெலும்பின் அடியையும் விரலால் அழுத்திப் பார்த்தார். கெண்டைக்காலைச் சுற்றி அளவுநாடா போட்டார், இரண்டு காலும் ஒரே அளவா என்று. அசையாத காலில் இரத்தம் உறையும் அபாயம் இருப்பதால். மலச்சிக்கலைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்டார். இவரும் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். அதுவே எனக்கு அதிசயம்.

நான் மிகவும் மதிக்கும் வேலை கைப்பிடியின் பலத்தை அளத்தல். பெரிய நாடுகளில் இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. மிஸ்ஸிடம் இல்லை. அவர் முள் சுற்றும் பழைய வகை இரத்த அழுத்தக் கருவியின் துணிப்பட்டையைச் சுருட்டி, நூல் போட்டுக் கட்டி, முள் 20இல் நிற்கும்வரை காற்றடித்து இவரின் உள்ளங்கையில் வைத்தார். "பிழியுங்கள்." முள் 34 வரை போய் நடுங்கியது. இடது கை 46. ஒவ்வொரு கைக்கும் மூன்று தடவை, இடையில் ஓய்வு, மூன்றிலும் கூடியதை எழுதுவது. கொப்பியில் திகதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இருந்த கதிரை எது என்பது வரை எழுதினார். எப்போதும் அதே கதிரை, அதே நேரம். யார் வந்தாலும், மிஸ்ஸோ இளம் தாதியரோ, அதே முறை. தபாலகத்தில் நாளாந்தக் கணக்கு முடிக்கும்போதுகூட நான் அவ்வளவு ஒழுங்கைக் கண்டதில்லை.

ஏன் இந்த எண் முக்கியம் என்றால், ஜிபிஎஸ் ஒருமுறை வந்து நான்கு வாரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும் நோய். ஆனால் சிகிச்சைக்குப் பிறகு பத்தில் ஒருவருக்குத் திரும்பவும் தளர்வு வருகிறது. எட்டு வாரத்துக்கு மேலும் தளர்ந்துகொண்டே போனால் அது ஜிபிஎஸ் அல்ல, சிஐடிபியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. ஜிபிஎஸ்ஸுக்கு ஸ்டீரொயிட் பயன்தராது, சிஐடிபிக்குப் பயன்தரும். 'கொஞ்சம் பரவாயில்லை', 'இன்றைக்கு ஏலாமல் இருக்கிறது' என்று நாங்கள் சொல்வதை வைத்து வைத்தியர் இதைப் பிரிக்க முடியாது. எண் வேண்டும். இடையில் ஒரு கட்டத்தில் வலது கை அளவு கீழே வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மிஸ் இடது கையை அளந்தார், அது ஏறியிருந்தது. கால்களைத் தூக்கச் சொன்னார், அவையும் ஏறுமுகம். பிறகு தோளைத் தொட்டதும் இவர் முகத்தைச் சுளித்தார். பலம் குறையவில்லை, தோள் வலியால் பிழியப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியிருந்தும் தன் ஊகத்தோடு நிறுத்தாமல், ஒரு கடிதம் எழுதித் தந்து கிளினிக்குக்கு முன்கூட்டியே அனுப்பினார். வைத்தியரும் பார்த்து அதையே சொன்னார். வேலை தெரிந்தவர்களிடம் எனக்குப் பிடித்தது இந்தக் குணம்.

விரல்கள் அசையத் தொடங்கியதும் அவர் கேட்டது இவரின் தகரப் பெட்டியை. தச்சுப் பட்டறையில் பல அளவுத் திருகாணிகள் கலந்து கிடக்கும் பெட்டி. அதைக் கொட்டி, அளவுவாரியாகப் பிரிக்கச் சொன்னார். பத்து நிமிடம் மட்டும். பத்து நிமிடம் முடிந்ததும், இன்னும் முடியும் என்று இவர் சொன்னாலும் பெட்டியை மூடிவிடுவார். களைப்பு இந்த நோயில் சோம்பலல்ல. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நடக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது. உறவினர்கள் வந்து, "மனத்தைத் தளரவிடாதே, எழும்பி நட, நடந்தால்தான் சரிவரும்" என்று ஊக்கம் கொடுப்பார்கள். நல்லெண்ணந்தான். மிஸ் ஒருநாள் அவர்கள் எல்லோரையும் விறாந்தையில் இருத்தி வைத்து, தசையைக் களைக்க விட்டால் அடுத்த இரண்டு நாள் போய்விடும் என்று விளக்கினார். நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். இடுப்பில் இருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள் என்றார். அன்றோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

இவர் ஒருமுறை மனம் உடைந்து, இனி எழும்பவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மிஸ் ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. 1916இல், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, குயிலன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் இந்த நோயை விவரித்தது இரண்டு படைவீரர்களைப் பார்த்துத்தான் என்றும், அந்த இருவரும் தேறினார்கள் என்றும் சொன்னார். இன்றைக்கு ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் துணையில்லாமல் நடக்கிறார்கள் என்றார். மீதி இரண்டு பேரைப் பற்றி இவர் கேட்டார். அவர்களுக்கு இன்னும் அதிக காலம் எடுக்கிறது, சிலருக்குக் காலில் தாங்குபட்டை தேவைப்படுகிறது, ஒரு சிறு பங்கினர் இறந்தும் போகிறார்கள், நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று நேராகப் பதில் சொன்னார். பொய் சொல்லித் தேற்றாததால்தான் இவர் அவரை நம்பினார்.

லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்கு, அதாவது இவரின் தங்கைக்கு, சில வருடங்களாகச் சிஐடிபி. அங்கே அவருக்கென்று ஒரு சிறப்புத் தாதி இருக்கிறார். ஐவிஐஜி ஏற்றும் நாளை ஒழுங்குபடுத்துவது, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கைப்பிடியையும் பத்து மீற்றர் நடையையும் அளப்பது, மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று வைத்தியரோடு பேசுவது எல்லாம் அந்தத் தாதி. 24 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் உண்டு: பத்திரிகை வாசிக்க முடிகிறதா, பல் துலக்க முடிகிறதா, ஓட முடிகிறதா என்று. மச்சாள் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். மிஸ் அதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஊருக்கு வேறு கேள்விகளும் வேண்டும் என்று தன் கொப்பியில் தானே ஒரு பட்டியல் எழுதினார். தரையில் சம்மணமிட்டு இருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறதா, வாளியால் தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்ற முடிகிறதா, சாறத்தை இடுப்பில் முடிய முடிகிறதா, சைக்கிள் பெடலில் கால் வழுக்காமல் நிற்கிறதா. சாறம் முடிவதற்கு எவ்வளவு விரல் பலம் வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். லண்டனில் உள்ள வசதிக்கு நாம் ஈடாக முடியாது. ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்து மச்சாளே, தன் தாதிக்கு அனுப்பக் கேட்டு வாங்கினார்.

மயஸ்தீனியா நோயாளிகளிடம் இவர்கள் எப்படி என்று எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஆனைக்கோட்டையில் இருக்கும் என் பெரியம்மாவின் அனுபவம் இருக்கிறது. அவருக்கு மாலையானால் இமை விழும், சாப்பிடும்போது தாடை களைத்துவிடும். பிரிடோஸ்டிக்மின் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். அது வேலைசெய்யத் தொடங்க அரை மணிநேரம் எடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்னர் போடலாமா என்று கிளினிக்கில் கேட்க வைத்து மாற்றியவர் மிஸ்ஸின் உதவித் தாதி. சிறுநீர்க் கிருமிக்கு வேறொரு சிகிச்சை நிலையத்தில் சிப்ரோபுளொக்சசின் எழுதிக் கொடுத்தபோதும் அவரே தடுத்து, வைத்தியரிடம் பேசி மாற்றுவித்தார். அந்த வகை அன்டிபயோட்டிக்கும், ஜென்டாமைசின் போன்றவையும், மக்னீசியம் ஊசியும் மயஸ்தீனியாவைச் சடுதியாக மோசமாக்கும். இப்போது பெரியம்மாவின் கைப்பையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை இருக்கிறது. எந்த மருந்தகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.

குறைகளுக்கு வருகிறேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு தொலைபேசி எடுக்க மாட்டார்கள். மூன்று பேர் இரவும் பகலும் எடுக்க முடியாது என்பது நியாயம். ஆனாலும் நோயாளியின் வீட்டில் பயம் வருவது இரவில்தான். அதற்குப் பதிலாக முதல் நாளே ஒரு தாள் தருகிறார்கள்: ஒரே மூச்சில் எண்ணுவது 20க்குக் கீழே போனால், படுத்தால் மூச்சு முட்டினால், தண்ணீர் மூக்கால் வந்தால், கழுத்துத் தலையைத் தாங்காவிட்டால், எங்களை அழைக்காமல் 1990ஐ அழையுங்கள் என்று. அதைக் குசினிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். கொப்பிக் குறிப்புகள் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன, வைத்தியருக்கு வசதியாக. வீட்டாருக்கும் விளங்க வேண்டும் என்று நான் கேட்ட பிறகு ஒவ்வொரு வருகையின் கீழும் தமிழில் நான்கு வரி எழுதினார்கள். கேட்காத வீடுகளுக்கும் எழுத வேண்டும். இளம் தாதியரில் ஒருவர், இவர் முன்னால் இருக்கும்போதே "அண்ணை சாப்பிட்டாரா அக்கா?" என்று என்னைக் கேட்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பேச முடியாமல் கிடந்த ஒருவருக்கு அது எவ்வளவு நோகும் என்று சொன்னேன். அடுத்த தடவை தொடக்கம் அவரிடமே கேட்டார்.

தீவகத்துக்கு இவர்கள் போவதில்லை. வடமராட்சிக்கும் கிழமையில் ஒருநாள் மட்டுமே. வேலணையில் இருந்தும் காரைநகரில் இருந்தும் வருகிற நோயாளிகள் கோண்டாவிலுக்கு ஓட்டோ பிடித்து வர வேண்டியிருக்கிறது. கால் நடக்காத ஒருவரை அப்படிக் கொண்டுவருவது இலேசான காரியமல்ல.

கட்டணம் எங்கள் பகுதிக்கு ஒரு வருகைக்கு 3000 ரூபாய், முதல் வருகைக்கு 4500. வருமானம் நின்றுபோன ஒரு தச்சுத் தொழிலாளியின் வீட்டுக்கு இது பாரம்தான். எங்களுக்கு என் சம்பளமும் மச்சாளின் உதவியும் இருந்தன. இயலாதவர்களிடம் மிஸ் பெற்றோல் காசு மட்டும் வாங்குகிறார் என்பதைப் பின்னர் வேறு ஒரு குடும்பத்திடம் இருந்து அறிந்தேன். இரண்டாவது மாதத்தில் அவரே வருகையைக் குறைத்து, இனி கிழமைக்கு ஒருமுறை போதும், மற்ற நாட்களில் நீங்களே அளந்து எழுதுங்கள் என்று எனக்குப் பட்டை சுருட்டக் கற்றுக்கொடுத்தார். காசுக்காக இழுக்கிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இவர் இப்போது பட்டறைக்குப் போகிறார். காலையில் இரண்டு மணித்தியாலம் சீவுளி பிடிக்கிறார். பாரமான கதவு நிலை தூக்க மகன் வேண்டும். பாதத்தின் விறைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. வலது கை 180க்கு வந்திருக்கிறது.

இந்தச் சேவையை அழைக்க நினைப்பவர்கள் டயக்னோசிஸ் கார்டையும், கிளினிக் கொப்பியையும், வீட்டில் உள்ள குளிசைகள் எல்லாவற்றையும், பனடோலும் கசாயமும் உட்பட, ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள். தொலைபேசி எண்ணை நரம்பியல் கிளினிக்கில் கடமையில் இருக்கும் தாதியரிடம் கேட்டால் தருவார்கள். அந்தக் கிளினிக்கிலேயே, அரச சேவையிலேயே, இந்த நோயாளிகளுக்கென்று பழகிய ஒரு தாதிக்கு ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் கொடுத்தால் 3000 ரூபாய் இல்லாதவர்களுக்கும் தீவகத்தில் இருப்பவர்களுக்கும் இதே கவனிப்புக் கிடைக்கும். இதை மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்குக் கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இந்த நோயாளிகள் உள்ள மற்ற வீட்டாரும் எழுதுங்கள்.